குதிரை வண்டியும் வண்டிவீடும்

யந்திர நாகரிகத்தின் உச்சியில் நிற்பதாகப் பேசப்படும் ஐக்கிய அமெரிக்காவில், மின்சாரக் கம்பியை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் குதிரை பூட்டிய வண்டியிற் பயணஞ் செய்து வாழும் மக்கள் கூட்டமொன்று உண்டு. அமிஷ் மக்கள் என்பது அவர்தம் பெயர். அவர்களைப் பற்றிப் பேசப் புகுவோர் இரண்டிலொரு தவறு செய்துவிடுகின்றனர். பழமையின் பொன்னுலகம் என்று போற்றுவது ஒன்று. அறியாமையில் மூழ்கிய பிற்போக்குக் கூட்டம் என்று தள்ளிவிடுவது மற்றது. அவர்கள் நடுவே ஒரு பகற்பொழுதைக் கழித்த நாம், அவ்விரண்டு தவறுகளையும் அதே பகலில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தோம். அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடையில் நாமும் எம் துணைவியாரும் அந்நாட்டிற் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடங்களிற் கற்பித்து ஓய்ந்தவர்கள்; விடுதிகளுக்குப் பணங் கொடுக்க வசதியற்றவர்கள். எனவே மோட்டார் வண்டியின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வண்டிவீடு ஒன்றை வாடகைக்குப் பெற்று, முகாமிடுவதற்கென ஒதுக்கப்பட்ட தோப்புகளில் இரவைக் கழித்துப் பயணஞ் செய்தோம். இந்தியானா மாநிலத்தின் வடபகுதியில், ஷிப்ஷிவானா என்னும் சிற்றூருக்கு அண்மையில் ஒரு தோப்பிலே தங்கியிருந்தபோது வண்டிவீட்டின் கதவுப் பிணைச்சல் ஒன்று முறிந்துபோயிற்று. ஒரு கயிற்றினாற் கதவைக் கட்டிவைத்துவிட்டு, முறிந்த பிணைச்சலைச் சட்டைப் பையிலிட்டுக்கொண்டு, புதன்கிழமை காலையில் அமிஷ் நாட்டைக் காணப் புறப்பட்டோம்.

வழியெங்கும் சோளமும் சோயாவும் பயிராகிய வயல்கள். கறுப்பு நிறக் கூண்டு வண்டிகள், பின்புறத்திற் செம்மஞ்சள் முக்கோணத் தகடு பூண்டு, வீதியோரமாய் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை இழுக்கும் குதிரைகளிற் பல, பந்தயத் தடங்களில் ஓடி ஓய்ந்தபின் விலைக்கு வாங்கப்பட்டவை. முற்றங்களிலே நீளக் கொடிகளில் நீலமும் ஊதாவும் கறுப்புமான உடைகள் காய்ந்தன. வைக்கோற்றொப்பி அணிந்த ஆடவர் சைக்கிளிற் சென்றனர். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர்ப் பகுதி அமிஷ் மக்கள் சைக்கிளையும் விலக்கியவர்கள். காலால் உந்திச் செல்லும் இரு சில்லு வண்டியே அவர்களுக்கு உடன்பாடு. இங்கோ சைக்கிள் எங்கும் காணப்படுகிறது. ஆகவே, அமிஷ் மக்கள் யாவரும் ஒரே சட்டத்துக்கு அடங்கியவரல்லர் என்பது முதலிலேயே புலனாயிற்று.

இவர்களின் வரலாறு ஐரோப்பிய உழவர் வரலாற்றோடும் சமயப் புரட்சியோடும் பின்னியது. 1525 ஆம் ஆண்டிலே சூரிச் நகரிற் சிலர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பொருளற்றது, அறிவு வந்தபின் ஒருவன் தானே விரும்பி ஏற்பதே மெய்யான ஞானஸ்நானம் என்றனர். திருச்சபையும் அரசும் ஒன்றாகப் பிணைந்திருந்த காலம் அது. பிறந்தவனை அப்பொழுதே சபையிற் பதியாதுவிடின், அரசின் பிடியும் தளரும். எனவே கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் ஒருசேர இவர்களை வேட்டையாடினர். 1527 இல் பீலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிச் நகர ஆட்சியினர் லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். இவ்வியக்கத்தின் ஒரு கிளை 1693 அளவில் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையிற் பிரிந்தது. அவர் பெயரே இவர்களுக்கு நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினர். 1841 இல் வட இந்தியானாவிற் குடியேறினர். ஐரோப்பாவிலிருந்த கடைசி அமிஷ் சபை 1937 இல் மெனோனைற்றுச் சபையோடு கலந்து மறைந்தது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆயிரம் பேராய் இருந்த அமெரிக்க அமிஷ் மக்கள் இன்று 4 இலட்சம் அளவில் உள்ளனர். அழிந்துபோகும் கூட்டமென்று இவர்களை எண்ணுவது கணக்கறியாமையே.

சந்தை கூடும் நாளாகையால் ஷிப்ஷிவானாவிற் பெருங் கூட்டம். கோடையிற் செவ்வாய்க்கும் புதனுக்கும் அங்கு கூடும் சந்தைக்குப் பல மாநிலங்களிலிருந்து பஸ்களில் மக்கள் வருகின்றனர். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், குதிரையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை நோக்கிப் படக்கருவிகளை உயர்த்தினர். அவர் தமது தொப்பியைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். உருவத்தைப் படமாக்குவது செருக்குக்கு இடமளிக்கும் என்பது அம்மக்களின் கொள்கை. நாம் படமெடுக்கவில்லை, ஆயினும் பார்த்துக்கொண்டு நின்றோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுள் நாமும் இருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

நண்பகலில் ஊருக்கு வெளியே வந்து, ஒரு பாடசாலையைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். விடுமுறைக் காலமாதலால் பூட்டிக் கிடந்தது. ஒரே மண்டபம், பக்கத்திற் குதிரைக் கொட்டில், முற்றத்தில் ஊஞ்சல்கள். எட்டு வகுப்புப் பிள்ளைகளும் இத்தகைய ஓரிரு அறைகளுக்குள் இருந்து கற்கின்றனர். வீட்டிற் பேசுவது ஜெர்மானியக் கிளைமொழி, வழிபாட்டுக்கு ஏட்டு ஜெர்மன், பாடசாலையில் ஆங்கிலம். மும்மொழிப் பயிற்சியுடைய இப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் பெரும்பாலும் மணமாகாத இளம் பெண்கள். அவர்களும் எட்டாம் வகுப்புவரை கற்றவர்களே.

அதற்கு அப்பால் ஒரு வீட்டுப் படலையருகே சிறு தட்டி போட்டு, தக்காளியும் முட்டையும் பழப்பாகும் விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்ற பலகை தொங்கிற்று. தாம் வாங்கிய ஐந்தாறு பொருளின் விலையை எம் துணைவியார் மனத்திற் கூட்டி முடிக்குமுன் அவள் கூட்டிச் சொல்லிவிட்டாள். கணித ஆசிரியையாக இருந்தவருக்கு அது போதுமாயிருந்தது, பேச்சுத் தொடங்கிவிட்டது. அவளுக்குப் பதினான்கு வயது. எமது தீவு இந்தியாவுக்குத் தெற்கே இருப்பதை வகுப்பறைப் படத்திற் பார்த்த நினைவு அவளுக்கு இருந்தது. அங்கே நெல்லை ஆண்டுக்கு எத்தனை முறை விதைப்பார்கள் என்று கேட்டாள். அவளது படிப்பு அந்த வசந்தத்தோடு முடிந்துவிட்டதாம்.

“மேலும் படிக்க உனக்கு விருப்பமில்லையா?” என்று எம் துணைவியார் கேட்டார்.

அவள் சற்றுநேரம் சோளக் காட்டைப் பார்த்தாள். “என்னை எவரும் அப்படிக் கேட்டதில்லை” என்றாள். அச்சொல்லில் வருத்தமும் தொனிக்கவில்லை, மகிழ்ச்சியும் தொனிக்கவில்லை. பிறகு, எமது பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிணைச்சலைப் பார்த்து, “அப்பா இதைத் திருத்துவார்; இரண்டு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்துவிடுவார்” என்று முடித்துவிட்டாள்.

இவ்விடத்தில் ஆசிரியராகிய எமது வாசகர் அறியவேண்டிய வழக்கொன்று உண்டு. விஸ்கொன்சின் மாநிலத்திற் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயமாயிருந்தது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்திய மூன்று தந்தையருக்கு ஆளுக்கு ஐந்து டொலர் குற்றம் விதிக்கப்பட்டது. வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம்வரை சென்று, 1972 இல் அமிஷ் மக்களுக்குச் சார்பாகத் தீர்ந்தது. சமயச் சுதந்திரத்தின் வெற்றி என்று பலரும் பாராட்டினர். ஆனால், நீதியரசர் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். தந்தையின் உரிமையைக் கேட்டோம், அரசின் உரிமையைக் கேட்டோம், பிள்ளையின் எண்ணத்தை எல்லோரிடமும் கேட்டோமா என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். அரை நூற்றாண்டுக்குப் பின், ஒரு தக்காளித் தட்டியின் முன்னே அவ்வினாவை நாம் மறுபடியுங் கேட்டோம்.

இரண்டரை மணியளவில் தந்தையார் வந்தார். நாற்பது வயதிருக்கும்; தாடியுண்டு, மீசையில்லை. கையில் உணவுப் பெட்டி. வீட்டின் பின்னால் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். டீசல் யந்திரம் ஒன்று காற்றை அழுத்திக் குழாய்வழி அனுப்ப, அக்காற்றின் விசையால் துளைகருவியும் அரமும் சுழன்றன. பொதுக் கம்பியில் வரும் மின்சாரம் வேண்டாம். தாமே பிறப்பிக்கும் விசை தடையன்று. இவ்வேறுபாட்டைக் கண்டு சிரிப்பவர் உண்டு. எமக்கோ அதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. எந்தப் புதுக்கருவியையும் அவர்கள் உடனே ஏற்பதுமில்லை, உடனே தள்ளுவதுமில்லை. இது வந்தால் எமது குடும்பம் என்னாகும், அயலவனுக்கு அயலவன் தேவையற்றவன் ஆவானா என்று இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட சபை கூடிப் பேசி முடிவு செய்கிறது. அம்முடிவுகளின் தொகுதியை ‘ஓர்ட்னுங்’ என்பர். ஒழுங்கு என்று பொருள்.

அவர் பிணைச்சலைக் கையில் வாங்கியதும் நகைத்தார். “இதை நான் நாள்தோறும் பொருத்துகிறேன்” என்றார்.

அப்போதுதான் நாம் அறிந்தோம். அமெரிக்காவில் ஓடும் வண்டிவீடுகளில் ஐந்தில் நான்கு பங்களவு எல்க்ஹார்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளிற் பிறப்பவை. அங்கே அமிஷ் ஆடவர் பெருந்தொகையாக உழைக்கின்றனர். பிள்ளைகள் பெருகினர், நிலம் பெருகவில்லை, நிலத்தின் விலையோ பெருகிற்று. ஏர் பிடித்த கைகள் தொழிற்சாலைக்குச் சென்றமைக்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை. குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் பூட்டி நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லும் வீட்டைப் பகலிற் கட்டி முடித்துவிட்டு, மாலையிற் சைக்கிளேறி வாயு விளக்கு எரியும் தம் வீட்டுக்கு அவர்கள் திரும்புகின்றனர். எளிய வாழ்வைக் காண்பதற்கென்று நாம் இழுத்துவந்த வண்டிவீடே அவ்வெளிய மக்களின் வியர்வையில் உருவானது என்பதை எண்ணி வெட்கமுற்றோம்.

பிணைச்சலுக்குப் பற்றுவைத்து அரத்தால் தேய்த்தபடியே அவர் பேசினார். விடியுமுன்னே வேலை தொடங்கும். கூலி நேரத்துக்கன்று, முடித்த வண்டிகளின் தொகைக்கு. ஆகவே ஓடி ஓடி உழைத்து, தொகை முடிந்ததும் வீடு திரும்புவர். “இளைஞருக்கு நல்லது; என் வயதில் முழங்கால் பேசத் தொடங்கிவிடுகிறது” என்றார். 2009 இல் அவரைப் பல மாதங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டனராம். அவ்வாண்டின் கதை பொதுவில் அறியப்பட்டதே. 2006 இல் ஏறத்தாழ 390,000 வண்டிவீடுகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2009 இல் 166,000 அளவே. எல்க்ஹார்ட் வட்டாரத்தில் வேலையின்மை 18 சதவீதத்தைத் தாண்டிற்று. பின்னர் கொள்ளைநோய்க் காலத்திலே மக்கள் ஊர்சுற்றக் கிளம்பியபோது, 2021 இல் தொகை 6 இலட்சத்தை எட்டியது. 2023 இல் 313,000 ஆக மீண்டும் சரிந்தது. ஆலைக்கு வேண்டியபோது அழைப்பதும், வேண்டாதபோது அனுப்புவதும் எந்தச் சபையின் ஒழுங்குக்கும் கட்டுப்பட்டவையல்ல.

“அக்காலத்தை எவ்வாறு கழித்தீர்கள்?” என்று கேட்டோம்.

“சபை இருந்தது” என்றார். அண்ணன் பாற்பண்ணையில் வேலை தந்தார்; கடனைப் பலர் பகிர்ந்துகொண்டனர்; கைக்குழந்தைக்குச் செய்த சத்திரசிகிச்சைக்கான பணத்தைச் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்த்துக் கொடுத்தன. வணிக நிறுவனங்களின் மருத்துவக் காப்புறுதியைப் பொதுவாக இவர்கள் நாடுவதில்லை. அரசின் முதுமைக்கால உதவியையும் பெரும்பாலோர் பெறுவதில்லை. அதற்காக அவர்கள் பட்ட பாடும் வரலாற்றிலுண்டு. 1961 இல் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட மறுத்த பென்சில்வேனிய உழவர் ஒருவரின் மூன்று குதிரைகளை அரசு அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின், 1965 இல் சொந்தத் தொழில் செய்யும் அமிஷ் மக்களுக்கு அவ்வரியினின்றும் விலக்கு அளிக்கப்பட்டது. பிறரது தொழிற்சாலையில் உழைக்கும் இவரோ அவ்வரியைக் கட்டுகிறார், பயனைக் கேட்கமாட்டார்.

இந்தக் கூட்டுறவின் முன்னே நாம் தலைவணங்கியிருந்தோம். அப்பொழுதே எமது இரண்டாம் வினா எழுந்தது: “தொழிற்சங்கம் இல்லையா?”

இல்லை. இருந்தாலும் சேரார். வேலைநிறுத்தம் என்பது ஒருவன் மேல் நெருக்குதல் செய்து பெறுவது. அது பகைமைக்கு வழி என்பது அவர் நம்பிக்கை. அயலவனின் தானியக் கொட்டில் எரிந்தால் நூறு பேர் கூடி ஓரிரு நாளிற் கட்டிக் கொடுப்பவர்கள், தம் கூலி குறைந்தால் மூவர் கூடி முதலாளியிடஞ் செல்லார். அங்கேதான் எமது மனம் இடறிற்று. நோயுற்ற உழைப்பாளியைச் சபை காக்கிறது. வேலையிழந்தவனைச் சபை ஊட்டுகிறது. அதனால் முதலாளியின் கணக்கில் ஒரு செலவு குறைகிறது. மலிவாகவும் முணுமுணுப்பின்றியும் கிடைக்கும் அவ்வுழைப்பை அவர் விரும்பாது விடுவாரா? அன்பினால் விளைந்த கூட்டுறவு, தன்னையறியாமலே இலாபத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. அரசும் இதற்கு இசைந்தே நடக்கிறது. 2004 இல் அமெரிக்கக் காங்கிரஸ், மரவேலைக் கூடங்களிற் பதினான்கு வயது முதலான அமிஷ் இளையோர், யந்திரத்தைத் தாமே இயக்காது, பெரியோர் மேற்பார்வையிற் பணிசெய்யலாம் என்று சிறுவர் தொழிற் சட்டத்தைத் தளர்த்திற்று. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லித் தர்க்கிக்க நாம் வாயெடுத்தபோது, அவர் ஒரு கேள்வி கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டார்.

“நீங்கள் இருவரும் ஆசிரியர்கள். உங்களிடம் பன்னிரண்டு ஆண்டு படித்தவர்கள் இப்போது உங்கள் ஊரில் இருக்கிறார்களா? உங்கள் பிள்ளைகள்?”

எம் மகன் கனடாவில். மகள் இதே அமெரிக்காவில். எம்மிடம் படித்த கெட்டிக்காரரிற் பலர் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் இருக்கின்றனர். எமது ஒழுங்கையிலே ஐந்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. போர் எங்களைச் சிதறடித்தது என்று சொன்னோம். அது மெய்யே. ஆனால் முழு மெய்யன்று என்பது சொல்லும்போதே எமக்குத் தெரிந்திருந்தது. போர் தொடங்குமுன்னரே, ஊரைவிட்டுப் போவதற்கான ஏணியாகவே நம்மவர் கல்வியைக் கண்டனர். அவ்வேணியைத் தாங்கிப் பிடித்தவருள் நாமும் இருந்தோம். அவர் தலையசைத்தார். தமக்கு எட்டுப் பிள்ளைகள் என்றும், எல்லாரும் குதிரை ஒருநாளில் ஓடும் தூரத்துக்குள்ளேயே வாழ்வர் என்றே நம்புவதாகவும் சொன்னார். பிணைச்சலுக்கு மூன்று டொலர் கேட்டு வாங்கினார். அதற்கு மேற் கொடுத்ததை மறுத்தார்.

திரும்பும் வழியில் நாம் அம்மக்களின் கூட்டு முடிவைப் பற்றி மிகுந்த உற்சாகத்தோடு பேசிக்கொண்டு வந்தோம். துணைவியார் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் உவையின்ரை ஒற்றுமையை மெச்சுறியள். சரி. அந்தப் பிள்ளை கணக்கை எப்பிடிக் கூட்டினது எண்டு பாத்தனீங்களே? அதை ஒருத்தரும் கேக்கேல்லையாம். அந்த ஒற்றுமை ஆற்றை வாயை மூடி வந்தது எண்டும் பாருங்கோ.”

அதற்கு எம்மிடம் விடையில்லை. ஞானஸ்நானம் அறிவு வந்தபின் விரும்பி ஏற்பதாக இருக்கவேண்டுமென்று உயிர்கொடுத்தவர்களின் வழிவந்தோர், கல்வியின் வாயிலை மட்டும் பிள்ளை விரும்புமுன்னரே சாத்திவிடுகின்றனர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அச்சபையிலேயே நிலைக்கின்றனர் என்பது மெய். வேறெதையுங் காட்டாமற் கேட்கப்படும் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பதும் கேட்கத்தக்கதே. ஞானஸ்நானம் பெற்றபின் விலகுபவனோடு உறவினர் ஒரே மேசையில் உண்ணவும் தயங்குவர்.

தோப்புக்கு வந்து பிணைச்சலைப் பொருத்தினோம். சுற்றிலும் பெரிய வண்டிவீடுகளின் சாளரங்களிலே தொலைக்காட்சியின் நீல ஒளி. ஒரு குடும்பத்தோடு மறுகுடும்பம் பேசுவாரில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மின்சாரக் கம்பியைத் தத்தம் பெட்டியிற் செருகிவிட்டு உள்ளே இருந்தனர். நாமும் அவ்வாறே இருந்தோம்.

அன்றிரவு இருவரும் பேசி ஒருவாறு உடன்பட்டது இவ்வளவே. ஒரு பொருள் எம் வாழ்வுக்குள் நுழையுமுன், இது எங்களுக்கு என்ன செய்யும் என்று கூடியிருந்து கேட்கும் உரிமையை அமிஷ் மக்கள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வினாவை அவர்கள் வீட்டு வாசலிலே கேட்கின்றனர். ஆலை வாசலிலே கேட்பதில்லை. முற்போக்காளராகிய நாம் அதனை ஆலை வாசலிலே கேட்கக் கற்றோம். எமது வீட்டு வாசலிலும் பாடசாலை வாசலிலும் கேட்க மறந்தோம். யார் உற்பத்தி செய்கின்றனர், யார் பயன் பெறுகின்றனர் என்று வினவிய நாம், எமது கல்வி யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று ஊராகக் கூடியிருந்து ஒருநாளாவது பேசியதுண்டா?

பேச வேண்டும். பேசும்போது, ஊரைக் காப்பதற்கென்று பிள்ளையின் வாயிலைச் சாத்தாமலும், பிள்ளையின் முன்னேற்றமென்று ஊரைப் பூட்டிவிட்டுப் போகாமலும் இருக்க வழி என்ன என்பதைப் பேச வேண்டும். அக்கூட்டத்தில் ஆசிரியரும் பெற்றோரும் மாத்திரம் அமர்ந்திருத்தல் போதாது. பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அழைத்து, உங்கள் விருப்பம் யாது என்று கேட்க வேண்டும். கேட்டபின் அவர்கள் சொல்வதற்குச் செவிசாய்க்கவும் வேண்டும்.